ரெய்டு 5க்கு விதித்த கெடு: வீட்டுச் சேமிப்பகச் சர்வர் வரலாற்றில் ஒரு தரவுத்தாள் வரி

வீட்டுச் சேமிப்பகச் சர்வர்கள் ஒரு வட்டு போனாலும் தரவைக் காக்கும் ரெய்டு 5 என்னும் ஒற்றைப் பாரிட்டியை விட்டு, இரண்டு போனாலும் காக்கும் ரெய்டு 6 என்னும் இரட்டைப் பாரிட்டிக்கு நகர்ந்ததை சேமிப்பகத் துறை எழுத்தாளர் ராபின் ஹாரிஸ் 2007இல் எழுதிய கட்டுரையோடு முடிச்சுப் போடுவது வழக்கமாகிவிட்டது. 2009இல் ரெய்டு 5 பயனற்றுப்போகும் என்பது அவர் வாதம். அவரது சான்று ஒரே ஒரு வரி. அந்த வரியை அவர் படித்த விதத்தை ஏற்க முடியவில்லை.

அவருடைய கணக்கு எளிது. சாதாரண சாட்டா வட்டுகளின் தரவுத்தாளில் 10¹⁴ பிட்டுகளுக்கு ஒரு மீட்கவியலா வாசிப்புப் பிழை என்று போட்டிருக்கும். 10¹⁴ பிட் என்பது 12.5 டெராபைட். தலா 2 டெராபைட் உள்ள ஏழு வட்டுகளில் ஒன்று போய்விட்டால், புது வட்டை நிரப்ப மற்ற ஆறையும், அதாவது 12 டெராபைட்டை, முழுக்கப் படித்தாக வேண்டும். நடுவில் ஒரு பிழை வருவது ஏறத்தாழ உறுதி. வந்தால் மறுகட்டமைப்பு குலையும். தயாரிப்பாளர்கள் சொல்வது சரியென்றால் என்று அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார். அவரை மேற்கோள் காட்டுபவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். 2 டெராபைட் வட்டு 2009இல் வரும் என்ற கணிப்பு மட்டும் அப்படியே பலித்தது. அந்த ஜனவரியிலேயே வெஸ்டர்ன் டிஜிட்டல் அதை வெளியிட்டது. ஒன்று பலித்ததால் மற்றதும் பலித்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது போலும்.

பிழைகள் ஒன்றையொன்று சாராமல் வருகின்றன என்றே வைத்துக்கொண்டாலும், 12 டெராபைட்டில் குறைந்தது ஒரு பிழை வரும் நிகழ்தகவு 62 விழுக்காடுதான். இதை ‘ஏறத்தாழ உறுதி’ என்பது மிகை.

சிக்கல் கணக்கைவிடப் பாடத்தில்தான் அதிகம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசைத் தரவுத்தாளில் அந்த எண்ணுக்கு முன்னால் ‘<’ குறி நிற்கிறது. சீகேட்டின் ஐயன்வுல்ஃப் தரவுத்தாளில் குறி இல்லை. ‘அதிகபட்சம்’ என்ற சொல் இருக்கிறது. அங்கே அடுக்கெண்ணும் மேலே ஏறவில்லை: 10, அடுத்து ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து, அடுத்து 14. கால்குலேட்டர் வழக்கில் படித்தால் இது 10 பெருக்கல் 10¹⁴, அதாவது 10¹⁵. அப்படியானால் மேலே சொன்ன 62 விழுக்காடு 9 ஆகச் சுருங்கும். என் வாதத்துக்கு இது வசதியான பாடம்; ஆனாலும் இதை ஏற்கத் தயக்கம் உண்டு. அதே வரிசையின் உயர்ந்த வட்டுகளுக்கு அதே வடிவில் 15 என்று போட்டு வேறுபடுத்தியிருப்பதால், 14 என்றது 10¹⁴ஐத்தான் குறிக்க வேண்டும். கவனிக்க வேண்டியவை ‘<’ குறியும் ‘அதிகபட்சம்’ என்ற சொல்லும். இரண்டும் மேல்வரம்பைச் சொல்கின்றன. ஹாரிஸ் மேல்வரம்பைச் சராசரியாகப் படித்துவிட்டார். ரெட் வரிசையில் 1 டெராபைட் வட்டுக்கும் 6 டெராபைட் வட்டுக்கும் ஒரே எண்தான். கொள்ளளவு ஆறு மடங்கானபோதும் அசையாத எண்ணை அளவீட்டின் முடிவு என்று கொள்வது கடினம். அது உத்தரவாதத்தின் எல்லைக்கோடாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அளவீடு இல்லாமலும் இல்லை. ஹாரிஸுக்கு இரண்டு ஆண்டு முன்பே, 2005இல், மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ஜிம் கிரேயும் கேதரின் வான் இங்கனும் மலிவான வன்பொருள் வழியாக 2 பெட்டாபைட் தரவை நகர்த்திப் பார்த்தார்கள். 10¹⁴ஐச் சராசரி என்று கொண்டால் 160 பிழைகள் வந்திருக்க வேண்டும். வந்தவை ஐந்து நிகழ்வுகள். சில பிழைகளை இயங்குதளம் மறைத்திருக்கலாம் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் 155 பிழைகளையும் அது மறைத்தது என்றால் நம்ப முடியுமா?

வீட்டுச் சர்வர்களுக்கு இப்படி ஓர் அளவீடு இல்லை. ஆனால் வீட்டில் சர்வரை மேம்படுத்தும் வழக்கமே ஒரு சாட்சி. நான்கு வட்டுப் பெட்டியில் ஒரு வட்டைக் கழற்றிப் பெரியதை மாட்டுவது, மறுகட்டமைப்பு முடிந்ததும் அடுத்ததற்குப் போவது: ரெடிநாஸும் சினாலஜியும் இதைப் பயனருக்குரிய நடைமுறையாகவே வகுத்தன. தலா 4 டெராபைட் என்றால் ஒவ்வொரு தடவையும் 12 டெராபைட் வாசிப்பு, நான்கு தடவை. ஹாரிஸின் வாசிப்புப்படி நூறு பேர் முயன்றால் இரண்டு பேர்தான் பிழையில்லாமல் கரையேறுவார்கள். அத்தகைய நடைமுறையை எந்த நிறுவனமும் கையேட்டில் போடாது.

அப்படியென்றால் நகர்வுக்குக் காரணம் என்ன? காலவரிசை ஹாரிஸுக்கு உதவவில்லை. லினக்ஸ் கருவகத்தில் ரெய்டு 6 2004இலேயே வந்துவிட்டது, இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமையின் இரட்டைப் பாரிட்டி 2006இல் வந்தது. கருவி முந்தியது, எச்சரிக்கை பிந்தியது. வீடுகள் எந்த ஆண்டில் மாறின என்று அறுதியிட இயலாது. பெட்டிக்குப் பெட்டி அது வேறுபடும். எனக்குப் படும் காரணம் நேரம். 2 டெராபைட் வட்டை நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் நிரப்ப ஐந்தரை மணி நேரம் போதும். 20 டெராபைட் வட்டை 250 மெகாபைட் வேகத்தில் நிரப்ப 22 மணி நேரம் வேண்டும். அவ்வளவு நேரமும் காப்பில்லாமல் ஓடும் பெட்டியில் இன்னொரு வட்டு முழுதாகவே போய்விடலாம். 2009 டிசம்பரில் இசட்.எஃப்.எஸ். பொறியாளர் ஆடம் லெவந்தால் மூன்றாம் பாரிட்டிக்கு வாதாடியபோது இந்த நேரப் பெருக்கத்தைத்தான் முன்வைத்தார்.

பிழை வந்தால் எல்லாம் குலையும் என்பதும் பழைய கட்டுப்பாட்டு அட்டைகளின் குணம். இசட்.எஃப்.எஸ். பழுதான கோப்பின் பெயரைச் சொல்லிவிட்டு மீதியை மீட்டுக்கொண்டு போகும். 2020இல் வீட்டு மறுகட்டமைப்புகள் பரவலாகத் தடுமாறியபோதும் காரணம் வாசிப்புப் பிழை அல்ல. 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில ரெட் வட்டுகளில் சொல்லாமல் புகுத்தப்பட்ட, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பதிவு முறை.

2010இல் ஹாரிஸ் அடுத்த கெடுவை வைத்தார்: 2019இல் ரெய்டு 6உம் பயனற்றுப்போகும் என்று. அந்த ஆண்டும் போய்விட்டது. சினாலஜி, க்யூநாப் பெட்டிகளின் தேர்வுப் பட்டியலில் ரெய்டு 5, ரெய்டு 6 இரண்டும் இன்றும் இருக்கின்றன.