கோப்புறை மரமும் காணாமற் போன படங்களும்

கணினியில் இருந்த புகைப்படங்கள் காணாமற் போய்விட்டன என்று பதறுவோரைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களுள் பலரின் படங்கள் எங்கும் போவதில்லை. இருந்த இடத்திலேயே இருக்கின்றன. திரையில் அவற்றைக் காட்டும் முறைதான் மாறியிருக்கிறது. இருப்பதும் காட்டப்படுவதும் வேறு வேறாகிய கதைக்கு 60 ஆண்டு வரலாறு உண்டு.

கோப்புறைக்குள் கோப்புறை வைக்கும் முறையை, மல்டிக்ஸ் இயக்குதளத்துக்காக 1965இல் டேலி, நியூமன் ஆகிய இருவரும் ஒரு கட்டுரையில் விரிவாக விளக்கினர். வேர், கிளை என மரத்தின் உறுப்புகளையே அவர்கள் பெயர்களாகக் கொண்டனர். யுனிக்ஸ் அம்மரத்தை ஏற்றது. 1981இல் வெளிவந்த எம்.எஸ்.டொஸ் முதற் பதிப்பில் அது இல்லை. 1983இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே இடம்பெற்றது.

1984இன் மக்கின்டொஷ் கணினியில் நடந்தது விந்தையானது. திரையில் கோப்புறைகள் தெரிந்தன. ஆனால் வட்டில் எல்லாக் கோப்புகளும் ஒரே தளத்தில் கிடந்தன. இரு வேறு கோப்புறைகளில் ஒரே பெயருள்ள இரு கோப்புகளை வைக்க முடியாமையால் அந்த மாயை வெளிப்பட்டது. 1985இல் அப்பிள் நிறுவனம் மெய்யான அடுக்குமுறையைக் கொண்டுவந்தது.

புகைப்பட மென்பொருள்கள் இதைத் தலைகீழாக்கின. மரம் மெய்யாகவே வட்டில் இருக்க, அதை மறைத்து ஒரே தளமாகக் காட்டின. 2004 ஜூலையில் கூகிள் வாங்கிய பிக்காசாவில் இருவகைப் பார்வைகள் இருந்தன. மரப் பார்வை வட்டின் அடுக்கைக் காட்டியது. தட்டைப் பார்வை தாய்க் கோப்புறையை நீக்கிவிட்டு, கோப்புறைகளை ஆண்டு வாரியாக வரிசைப்படுத்தியது. புதியவருக்குத் தட்டைப் பார்வை எளிது. ஆனால் 1998இல் வகுக்கப்பட்ட தரநிலையின்படி கமராக்கள் மூன்று இலக்கமும் ஐந்து எழுத்தும் கொண்ட பெயர்களையே கோப்புறைகளுக்குச் சூட்டுகின்றன. அவற்றை அப்படியே பிரதி செய்துகொண்டவரின் பட்டியலில் ஒரே பெயர் பலமுறை வரும். எது திருமணம், எது மரணச் சடங்கு என்று தாய்க் கோப்புறையே சொல்லும். அதுவோ மறைந்திருக்கும்.

2007இல் வெளிவந்த அடோபி லைட்ரூமிலோ சிக்கல் வேறு. உட்கோப்புறைகளின் படங்களையும் காட்டு என்ற தெரிவை நீக்கினால், ஆயிரம் படங்களைத் தன் கிளைகளில் வைத்திருக்கும் தாய்க் கோப்புறையும் வெறுமையாகத் தோன்றும். படம் அழியவில்லை, அறிவிப்பு மட்டுமே மாறியது. இதை அறியாதவர் அந்த வெற்றுக் கோப்புறையை வேண்டாததென எண்ணி வட்டிலிருந்தே அழித்துவிடலாம். அப்போது இழப்பு மெய்யாகிவிடும்.

பத்திரிகை அலுவலகங்களில் படங்களைக் கடித உறைகளில் இட்டு, மேலே பெயரும் திகதியும் எழுதிவைத்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இருவர் நிற்கும் படத்தை எவருடைய உறையில் இடுவது என்ற தகராறு அன்றே இருந்தது. அதற்கு விடையாகவே மென்பொருள்கள் அல்பங்களைத் தந்தன: ஒரே படம் பிரதி எடுக்கப்படாமலே பல அல்பங்களில் தோன்றும்.

ஆனால் அல்பம் மென்பொருளின் குறிப்பேட்டில் வாழ்வது. கோப்புறை வட்டில் வாழ்வது. 2016 மார்ச் 15ஆம் திகதியுடன் பிக்காசாவுக்கான ஆதரவை கூகிள் நிறுத்தியபோது இவ்வேறுபாடு பலருக்கு உறைத்தது. வேறு மென்பொருளுக்கு மாறியவர்களுடன் கோப்புறைகள் அப்படியே சென்றன. அல்பங்களில் மட்டும் ஒழுங்கு செய்திருந்தவர்களுக்குப் படங்கள் எஞ்சின. அவற்றைக் கோத்த நூல் அறுந்தது.

ஆதலால், பார்வையை விருப்பப்படி மாற்றிக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் கோப்புறையிலேயே எழுதிவையுங்கள். ஆண்டு, ஊர், நிகழ்ச்சி ஆகிய மூன்றும் அதில் இருந்தால் தட்டைப் பார்வையும் அதை மறைக்க இயலாது. நம் பிள்ளைகள் எந்த மென்பொருளைத் திறப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. படத்தில் இருப்பவர் யாரென்று அவர்கள் தேடும்போது, பெயர் படத்துடன் இருந்தாக வேண்டும்.