வெளிமானை மொபைல்ல படம் பிடிக்கணுமா? முதல்ல அது தலையைக் கவனிங்க!

வரிக்குதிரைக் கூட்டம் ஆற்றைத் தாண்டி ஓடுற ரீல்ஸை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க? 'நாமளும் ஒருநாள் கென்யா போய் இதை எடுக்கணும்'னு நினைக்கும்போதே விமான டிக்கெட் விலை கண்ணு முன்னாடி வந்து நிக்கும். இந்தியக் காடுகளில் வரிக்குதிரை கிடையாது. ஆனால் திறந்த புல்வெளி, கூட்டமா மேயற விலங்கு, ஒண்ணு துள்ளினா மொத்தக் கூட்டமும் துள்ளுற காட்சி... இதுக்கெல்லாம் ஆப்பிரிக்கா போக வேண்டியதில்லை. பண்ருட்டி - வடலூர் சாலையில் இருக்கும் காடாம்புலியூரில் பஸ் ஏறினா, அன்னைக்கே போய்ச் சேர்ந்துடலாம். அந்த இடம் கோடியக்கரை. அங்கே வெளிமான் இருக்கு. கூடவே, வரிக்குதிரையின் சொந்தக்காரங்களும் இருக்காங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். காட்டுயிர் போட்டோவில் ஜெயிக்கிறது பெரிய கேமரா இல்லை. நீங்க அங்கே இருக்கிறதைப் பத்தி விலங்கு கவலைப்படாம தன் வேலையைப் பார்த்துட்டு இருக்கணும். அப்போ கிடைக்கிறதுதான் நல்ல படம். அதை எப்படிச் சாதிக்கிறதுன்னு வரிசையா பார்ப்போம்.

யார் இந்த வெளிமான்?

பேர்லயே விலாசம் இருக்கு. அடர்ந்த காட்டில் இல்லாமல் வெட்டவெளியில் வாழ்றதால வெளிமான். புல்வாய், இரலை, திருகுமான் என்றும் தமிழில் பெயர்கள் உண்டு. சல்மான் கான் வழக்கு மூலமா இந்தியா முழுக்கப் பேசப்பட்டதும் இதே இனம்தான்.

'மான்'னு கூப்பிட்டாலும், புள்ளிமானுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. புள்ளிமானின் கொம்பு கிளை கிளையாகப் பிரியும், விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளை விடாது, விழாது. திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டு மேலே போகும். அந்த வகையில் இது ஆடு, மாடு குடும்பத்தைச் சேர்ந்தது. கோடியக்கரையில் இரண்டு இனமும் இருப்பதால, படம் எடுத்துட்டு தப்பான பேர் போடாம இருக்க இந்தக் கொம்புக் கணக்கு போதும்.

வளர்ந்த ஆண், முதுகில் கரும்பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் இருக்கும். வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெள்ளை. பெண்ணும் குட்டியும் வெளிர்பழுப்பு. பெண்ணுக்குப் பொதுவா கொம்பு இருக்காது. இளம் ஆண்கள் முதலில் பழுப்பாக இருந்து, வயது ஏற ஏறத்தான் கருக்கும். அதனால, கூட்டத்தில் பழுப்பு நிறத்தில் கொம்போடு ஒண்ணு நின்னா குழம்பாதீங்க. அது இளம் பையன்!

தமிழ்நாட்டில் இது இருக்கிற இடங்கள் கொஞ்சம்தான். கோடியக்கரை தவிர சென்னை கிண்டி தேசியப் பூங்கா, தூத்துக்குடி மாவட்டத்தின் வல்லநாடு, சத்தியமங்கலம் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு ஆகியவை முக்கியமானவை. கோடியக்கரை 1967-ல் சரணாலயம் ஆனது. 2002-ல் இதை உள்ளடக்கிய ஈரநிலம் 'ராம்சார்' பட்டியலிலும் சேர்ந்தது.

வரிக்குதிரையின் சொந்தக்காரங்க

கோடியக்கரையில் மான்களுக்கு நடுவே குட்டையான குதிரைகள் மேயும். இவை பிறவியிலேயே காட்டு விலங்கு இல்லை. மனிதர்கள் வளர்த்த குதிரைகளின் வழிவந்து, யாருக்கும் சொந்தமில்லாமல் காட்டிலேயே வாழப் பழகியவை. குதிரை, கழுதை, வரிக்குதிரை மூணும் ஒரே குடும்பம். சமவெளி வரிக்குதிரை மாதிரியே இங்கேயும் ஓர் ஆண் குதிரை, சில பெண் குதிரைகள், குட்டிகள்னு சின்னச் சின்னக் குடும்பமாக இருக்கும்.

வரிக்குதிரைக்கு வரி எதுக்கு? கடிக்கிற ஈக்களைக் குழப்பத்தான் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கு. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண குதிரைகளுக்கு வரிபோட்ட போர்வையைப் போர்த்திப் பார்த்தாங்க. ஒரே நிறப் போர்வையைவிட, வரிபோட்ட போர்வையில் ஈக்கள் வந்து உட்கார்வது ரொம்பவே குறைஞ்சது. அந்த வரி வசதி இல்லாத கோடியக்கரைக் குதிரைகள் வாலை விசிறி ஈ ஓட்டுறதைப் பார்த்தா, இந்த ஆய்வு ஞாபகத்துக்கு வரட்டும்.

ஒரு எச்சரிக்கை. 'குதிரைதானே'னு பக்கத்தில் போகாதீங்க. குட்டியோட இருக்கிற குதிரை உதைக்கும். பின்பக்கம் நிக்கவே கூடாது.

எப்போ, எப்படிப் போகணும்?

காடாம்புலியூர், நெய்வேலி பக்கத்து ஆளா? வடலூர், சேத்தியாத்தோப்பு வழியா சிதம்பரம் போங்க. அங்கிருந்து சீர்காழி, காரைக்கால் வழியா நாகப்பட்டினம். பிறகு வேளாங்கண்ணியைத் தாண்டி வேதாரண்யம். அங்கிருந்து கோடியக்கரை சுமார் 10 கி.மீ. பஸ் மாறி மாறிப் போகணும் என்பதால், முதல் நாள் மாலையே வேதாரண்யம் போய்த் தங்குறது புத்திசாலித்தனம். ஏன்னா, நமக்கு வேண்டியது விடியற்காலை வெளிச்சம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தண்ணி நிக்கும், பாதை சேறாகும். மழையை ஒட்டிய குளிர்மாதங்கள் பூநாரை மாதிரி வலசைப் பறவைகளுக்கான சீசன். மானுக்கு, மழை முடிஞ்சு தரை காய்ஞ்ச பிறகு போறது வசதி. கோடையில் போனா காலை 9 மணிக்குள் வேலையை முடிச்சிடுங்க. வெயில் ஏறினா மான்கள் நிழலில் ஒதுங்கும். தரையிலிருந்து கானல் எழும். கானல் வழியா எடுத்த படம் எவ்ளோ விலையுள்ள போன்ல எடுத்தாலும் தண்ணிக்குள்ள எடுத்த மாதிரிதான் இருக்கும்.

வனத்துறையிடம் அனுமதி வாங்கிட்டுத்தான் உள்ளே போகணும். அவங்க காட்டுற பாதையில் மட்டும் போங்க. மண் நிறத்தில் வெளிர் உடை போடுங்க. தண்ணி, தொப்பி கட்டாயம்.

தலை சொல்லும் கணக்கு

எவ்வளவு பக்கத்தில் போகலாம்? இதுக்கு அடிக்கணக்கு கிடையாது. மானின் தலைதான் கணக்கு.

தலை குனிஞ்சு மேயுதா? எல்லாம் சரி. நீங்க இருக்கிறது அதுக்குப் பிரச்னை இல்லை.

ஒண்ணு தலை தூக்கி உங்களைப் பார்க்குதா? அப்படியே நில்லுங்க. முகத்துக்கு நேரா மொபைலைத் தூக்காதீங்க. பார்வையை வேற பக்கம் திருப்புங்க. மறுபடி குனிஞ்சா நல்லது.

நாலஞ்சு தலை ஒண்ணா தூக்கி, காதை உங்க பக்கம் திருப்புதா? எல்லையைத் தாண்டிட்டீங்க. மெதுவா நாலு அடி பின்னால வாங்க.

ஒண்ணு செங்குத்தா துள்ளுதா? முடிஞ்சது கதை. மொத்தக் கூட்டமும் ஓடப்போகுது.

'ஓடினாத்தானே ஆக்‌ஷன் ஷாட்!'னு தோணலாம். மான் பக்கம் இருந்து யோசிங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கிடைக்கிற அந்தச் சில மணி நேரம்தான் அதுக்கு நிம்மதியான சாப்பாட்டு நேரம். ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த நேரமும் தெம்பும் போகுது. தாய் ஓடிட்டா, புல்லுக்குள் ஒளிஞ்சிருக்கிற குட்டி தனியாகிடும். தெருநாய்கள் சுத்துற இடத்தில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நீங்க பஸ் ஏறி ஊருக்கு வந்துடுவீங்க. அந்தக் குட்டி அங்கேயேதான் இருக்கணும்.

அதே மாதிரி, புல்லில் அசையாம படுத்திருக்கிற குட்டியைப் பார்த்தா 'பாவம், தாய் விட்டுட்டுப் போயிடுச்சு'னு தூக்காதீங்க. பிறந்த புதுசில் குட்டியை ஒளிச்சு வெச்சுட்டுத் தாய் தள்ளி மேய்வது வெளிமானின் வழக்கம். நீங்க விலகினாத்தான் தாய் வரும். அடிபட்டிருக்குன்னு தெரிஞ்சா வனத்துறைக்குச் சொல்லுங்க.

மொபைலில் எப்படி எடுக்கிறது?

1. முதலில் லென்ஸைத் துடைங்க. கடற்காற்றில் உப்பு படியும். பாதிப் படங்கள் மங்கலா வர்றதுக்கு அதுவே காரணம்.

2. போனில் இருக்கிற நிஜமான ஜூம் லென்ஸ் வரைக்கும் போங்க, 2 மடங்கோ 3 மடங்கோ. அதுக்கு மேல விரலால் இழுக்கிறது பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெருசாக்குறதுதான். அதை வீட்டுக்கு வந்தே செஞ்சுக்கலாம்.

3. ஃப்ளாஷ், ஷட்டர் சத்தம், ரிங்டோன் மூணையும் ஆஃப் பண்ணுங்க.

4. கருத்த முதுகு, வெள்ளை வயிறு. இது ஆட்டோ மோடைக் குழப்பும். மான் மேல விரலை வெச்சு ஃபோகஸ் பண்ணி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைங்க. வெள்ளை வெளிறிப்போனா அந்த விவரம் திரும்ப வராது. இருட்டா இருந்தா பிறகு கொஞ்சம் தூக்கிக்கலாம். வரிக்குதிரைக்கும் இதே விதிதான்.

5. சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்கட்டும். நிழலுருவப் படம் வேணும்னா மட்டும் எதிர்ப்பக்கம்.

6. உட்காருங்க. மான் கண் உயரத்தில் எடுத்தா படத்தில் உயிர் வரும். நின்னுட்டு இருக்கிற மனுஷனைவிட, அசையாம உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்து விலங்கு கம்மியாகத்தான் மிரளும்.

7. தொடர்ச்சியா எடுக்கிற பர்ஸ்ட் மோடைப் பயன்படுத்துங்க. காது திரும்புற நொடி, கண் சிமிட்டுற நொடி எல்லாம் அதில்தான் மாட்டும்.

8. நண்பர்கிட்ட பைனாகுலர் இருக்கா? ஒரு கண்ணாடி வழியா மொபைல் லென்ஸை ஒட்டி வெச்சு எடுத்துப் பாருங்க. பழகினா நல்லாவே வரும்.

இவ்வளவு செஞ்சும் மான் சின்னதாகத்தான் தெரியுதா? சின்னதாகவே இருக்கட்டும். மேல பெரிய வானம், கீழ புல்வெளி, நடுவில் பத்து மான். இது மொபைலின் அகல லென்ஸுக்குன்னே பிறந்த படம். அது எந்த மாதிரி நிலத்தில் வாழுதுன்னு பார்க்கிறவங்களுக்கு ஒரே பார்வையில் புரியும். 'வெறும் தரிசு'ன்னு நாம கடந்து போற வெட்டவெளிதான் அதோட வீடு. சீமைக்கருவேலம் பரவப் பரவ அந்த வெளி சுருங்குது. அதையும் உங்க படம் சொல்லட்டும்.

எந்த நொடிக்குக் காத்திருக்கலாம்? இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஓர் இடம் பிடிச்சு நிக்கும். பெண் வந்தா மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்பை முதுகுல சாய்ச்சு, கெத்தா நடக்கும். ஒரே இடத்தில் புழுக்கை குவிஞ்சு கிடந்தா, அது ஓர் ஆணின் எல்லைக்கல்லா இருக்கலாம். பாதையை விட்டு இறங்காமல், தள்ளி உட்கார்ந்து காத்திருங்க. அது தானா வரும்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

பிஸ்கட், பழம் போடாதீங்க. கைதட்டாதீங்க, விசில் அடிக்காதீங்க. பைக்கில் துரத்தாதீங்க. அனுமதி இல்லாம ட்ரோன் பறக்கவிடாதீங்க. வெளிமான், 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு. புலி, யானை இருக்கிற அதே அட்டவணை! கிளாஸில் எடுக்கிற மாதிரி செல்ஃபி அங்கே செல்லாது.

ஊர்லயே ப்ராக்டிஸ்

நேரா கோடியக்கரையில் போய்க் கத்துக்காதீங்க. முந்திரித்தோப்பு ஓரம் மேயற ஆட்டுக்கூட்டம் போதும். எந்தத் தூரத்தில் முதல் ஆடு தலை தூக்குதுன்னு கவனிங்க. நேரா நடந்தா எப்படி, சாய்வா நடந்தா எப்படி, உட்கார்ந்தா எப்படின்னு மாத்தி மாத்திப் பாருங்க. கறுப்பு ஆடும் வெள்ளை ஆடும் ஒரே ஃபிரேமில் வர்ற மாதிரி எடுத்து, வெளிச்சத்தைச் சரி பண்ணிப் பழகுங்க. நாலு ஞாயிற்றுக்கிழமை இதைச் செஞ்சா, கோடியக்கரையில் முதல் நாளே கை பேசும்.

படம் எடுத்தாச்சு, அப்புறம்?

இன்ஸ்டாவில் போடுங்க, தப்பில்லை. ஆனா சரியான லொக்கேஷனைப் போடாதீங்க. 'கோடியக்கரை' போதும். குட்டி படுத்திருந்த இடமெல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

கூடவே தேதி, நேரம், எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை குட்டின்னு போன் நோட்டில் எழுதி வைங்க. இது வெட்டி வேலை இல்லை. ஒவ்வொரு வரிக்குதிரையின் வரியும் நம்ம கைரேகை மாதிரி தனித்தனி. 2016-ல் கென்யாவில் பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டு, 'கிரேவி' வகை வரிக்குதிரைகளை வலது பக்கமிருந்து மட்டும் படம் எடுக்கச் சொன்னாங்க. அந்த வரிகளைக் கணினியில் ஒப்பிட்டுத்தான் எண்ணிக்கையைக் கணக்கிட்டாங்க. சாதாரண ஆட்கள் எடுத்த படம் கணக்கெடுப்புக்கே உதவியிருக்கு.

கோடியக்கரைக்கும் அப்படியான பதிவு தேவை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் கரையோரத்தைப் புரட்டிப் போட்டபோது, வெளிமான், புள்ளிமான், குதிரைன்னு நிறைய உயிர்கள் போச்சு. புயலுக்கு முன்னாடி எப்படி இருந்தது, பிறகு எப்படி இருந்ததுன்னு சொல்ல, தேதி போட்ட பழைய படங்கள்தான் சாட்சி. நீங்க எடுக்கிற படமும் ஒருநாள் அப்படி உதவலாம்.

கிளம்பும் முன் கடைசியா ஒரு செக். நீங்க எடுத்த படங்களைப் புரட்டிப் பாருங்க. எல்லாத்திலும் மான் உங்களையே முறைச்சுப் பார்க்குதா? அடுத்த தடவை இன்னும் தள்ளி உட்காருங்க. ஒரு படத்திலாவது அது புல்லில் வாய் வெச்சு நிம்மதியா மேயுதா? அதை ஃப்ரேம் போட்டு மாட்டுங்க.