ஒரு ‘மே’, ஒரு ‘ஆல்சோ’

இலங்கையின் மொழி வரலாற்றை ஆங்கிலத் துணைவினைகளைக் கொண்டே எழுதிவிடலாம். 1956இன் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களமே ஒரே அரசகரும மொழி என்றபோது ‘ஷல்’ என்று கட்டளையிட்டது. 1958இன் தமிழ்மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டமோ வடக்கு, கிழக்கு நிர்வாகத்தில் தமிழைப் பயன்படுத்த ‘மே’ என்றது. செய்யலாம் என்றால் செய்யாமலும் இருக்கலாம். அதற்கான ஒழுங்குவிதிகள் வர 1966 ஆயிற்று. வடக்கு, கிழக்குக்கு வெளியே உள்ள மாத்தளை அந்த ‘மே’க்குள்ளும் அடங்கவில்லை. 1987இன் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று தமிழுக்கும் ‘ஷல்’ தந்தது, ஆனால் பக்கத்திலேயே ‘ஆல்சோ’ என்ற வினையடையையும் ஒட்டிவைத்தது. கொடுத்த கையே அளவும் பார்த்த கதைதான்.

சட்டச் சொல்லா மொழியைக் காக்கிறது என்று கேட்கலாம். மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையில், போர்த்துக்கேயப் படைவீரர்களின் வழிவந்தோராகக் கருதப்படும் கத்தோலிக்கர் இன்று பேசுவது சிங்களம். எந்தச் சட்டமும் அவர்களின் பழைய மொழியைப் பறிக்கவில்லை. உண்மைதான். ஆனால் அது வீட்டு மொழியின் கதை. மாவட்டக் கச்சேரிக்கு மனுக் கொடுப்பவருக்குப் பதில் எந்த மொழியில் வரும் என்பதை வீடு தீர்மானிப்பதில்லை. ‘ஆல்சோ’ வெறும் இலக்கண ஒட்டு, சட்டத்தில் இரு மொழிகளும் சமம் என்பாரும் உண்டு. வாசகத்தில் சமம்தான். நடைமுறைக்கு 1988இன் 16ஆம் திருத்தத்தைப் பாருங்கள்: மாத்தளைத் தமிழர் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொண்டு பதில் பெற உரித்துடையவர், ஆனால் வடக்கு, கிழக்குக்கு வெளியே பெரும்பாலும் பொதுப் பதிவேடுகளின் மொழி சிங்களம்.