பாதிரி இல்லாத ஊருக்கு ஒரு புத்தகம்

வேதத்துக்காக உயிர் விட்டவர்களைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கென்னவோ, உயிர் விடத் துணியாமல் வீடு திரும்பியவனுக்கு யார் என்ன ஆறுதல் சொன்னார்கள் என்று அறியத்தான் ஆசை. ஜப்பான் சரித்திரத்தில் அதற்கு விடை அகப்படுகிறது.

நமது முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணி செய்த அதே சவேரியார்தான் 1549-ல் ஜப்பானில் போய் இறங்கினார். ஐம்பது ஆண்டுகளில் விசுவாசிகள் லட்சக்கணக்கில் பெருகினார்கள். பாதிரிமாரோ சொற்பம். 1597-ல் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். வரப்போவது இன்னதென்று தெரிந்துவிட்டது. வேதசாட்சியாக மரிப்பது எப்படி என்று போதிக்கும் ஏடுகள் விசுவாசிகளிடையே உலவின.

1603-ல், பிஷப் செர்க்கேராவின் காலத்தில், வேறு மாதிரி ஒரு சிறு நூல் பிறந்தது. பெயர் 'கொன்சிரிசான்', பச்சாத்தாபம் என்னும் போர்த்துகீசியச் சொல் ஜப்பானியர் நாவில் அடைந்த உருவம். பாவம் செய்த கத்தோலிக்கன் குருவிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற வேண்டும். குருவே இல்லாவிட்டால்? நரகத்துக்குப் பயந்து அல்ல, கடவுளை நோகடித்தோமே என்று நெஞ்சுருகி, குரு கிடைத்ததும் அறிக்கையிடுவதாக உறுதி கொண்டால் போதும் என்றது அந்த நூல். குருமார் குறைவுக்காக எழுதியதுதான். ஆனால் 1614-ல் ஷோகுன் சர்க்கார் நாடெங்கும் வேதத்தைத் தடை செய்தது. 1644-ல் கடைசிக் குருவும் மாண்டார்.

நாகசாகிப் பக்கத்து ஜனங்கள் ஆண்டுதோறும் அதிகாரிகள் முன்னிலையில் ஏசு அல்லது மாதாவின் உருவத்தைக் காலால் மிதிக்க வேண்டும். மிதித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொன்சிரிசான் ஜபத்தைச் சொல்லி அழுதார்கள். மறுவருஷமும் அப்படியே. இதைக் கபடம் என்பார் உண்டு, சொல்லட்டும். தாம் செய்தது பாவமே அல்ல என்று அவர்கள் சாதித்திருந்தால் ஜபத்துக்கு என்ன அவசியம்?

ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர், பண்டிகை நாளைக் கணித்துச் சொல்ல ஒருவர் என்று கிராமத்துக்குள்ளேயே ஏற்பாடு நடந்தது. இப்படியே இருநூறு வருஷத்துக்கு மேல்!

1865-ல் நாகசாகியில் புதிதாகக் கட்டிய கோவிலுக்கு ஊரகாமி கிராமத்தார் சிலர் வந்து, மாதா சொரூபம் எங்கே என்று பிரெஞ்சுப் பாதிரியாரை ரகசியமாகக் கேட்டார்கள். அவர்கள் வெளிப்பட்டதற்குத் தண்டனை, மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஊரகாமி மக்களை ஊர் ஊராகக் கடத்தியது. அறுநூறுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. 1873-ல்தான் தடை நீங்கியது.

பலர் திருச்சபையில் சேர்ந்துகொண்டார்கள். வேறு சிலர் சேரவில்லை. தகப்பனும் பாட்டனும் சொல்லிக்கொடுத்ததே போதும் என்று இருந்துவிட்டார்கள்.