பருத்தித்துறைக்காக வளைந்த பாதை

பருத்தித்துறைச் சக்கோட்டை முனையில் நின்று வடக்கே பார்த்தால் கடல் மட்டும்தான். தேசப்படத்தில் விரலை வைத்து அதே திசையில் நேரே மேலே போங்கள். சென்னையைக் கடந்து, ஏறத்தாழ 430 கிலோமீற்றரில் இந்தியாவின் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டா வரும். இரண்டு ஊரும் கிழக்கு நெடுங்கோடு 80.2 பாகையை ஒட்டியே இருக்கின்றன. இந்திய ஏவுகலங்களின் வரலாற்றில் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு நுழைந்தது இந்தக் கோட்டின் வழியாகத்தான்.

பூமியைப் படம்பிடிக்கும் செய்மதிகள் பெரும்பாலும் துருவங்களை ஒட்டி, வடக்குத் தெற்காகச் சுற்றுபவை. பூமி கீழே தன்பாட்டில் உருள, ஒவ்வொரு சுற்றிலும் நிலத்தின் வேறொரு கீற்று அவற்றின் கண்ணில் படும். அந்தப் பாதையைப் பிடிக்க ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலம் தெற்கே பறக்க வேண்டும். எரிந்து முடிந்த அதன் அடுக்குகள் வழியில் கழன்று விழும். கடலில் விழுந்தால் சரி. வடமராட்சியின் வெங்காயத் தோட்டத்தில் விழலாமா?

அதனால் இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ஏவுகலம் முதலில் தென்கிழக்கே வங்கக் கடலுக்கு மேலாகப் போய், இலங்கையை விலக்கிவிட்டுத்தான் தெற்கே திரும்பும். 1994 ஒக்ரோபர் 15 அன்று முதன்முதலாக வெற்றிகண்ட பயணமும் அப்படித்தான். திரும்புவதற்கு எரிபொருள் வேண்டும்; அந்த அளவுக்குச் சுமை குறையும். பெரிய ஏவுகலமான பி.எஸ்.எல்.வி. அதைத் தாங்கிக்கொள்ளும். 2017 பெப்ரவரி 15 அன்று ஒரே பயணத்தில் 104 செய்மதிகளைக் கொண்டுபோனது. அவற்றில் 88, அமெரிக்காவின் பிளானற் நிறுவனத்தின் 'டவ்' செய்மதிகள். ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம்கூட இல்லை, எடை ஐந்து கிலோ அளவில்.

இத்தகைய சிறிசுகளுக்கென்றே பிறந்த எஸ்.எஸ்.எல்.வி.க்குத்தான் இந்த வளைவு பெரும்பாடு. 500 கிலோகிராமை 500 கிலோமீற்றர் உயரத்துக்குத் தூக்கும் சின்ன ஏவுகலம் அது. திரும்புவதிலேயே அதன் வலுவில் நல்லதொரு பங்கு போய்விடும். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியதற்கு இதுவே முதற்காரணம். அங்கிருந்து தெற்கே பார்த்தால் நெடுகக் கடல்தான்.

எங்கள் தீவின் சொந்தச் செய்மதி 'ராவணா-1' இந்த வழியால் போகவில்லை. யப்பானின் கியூஷு தொழினுட்ப நிறுவனத்தில் இலங்கைப் பொறியியலாளர் இருவர் உருவாக்கிய, ஒரு கிலோ அளவான பெட்டி அது. அமெரிக்காவிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், 2019 யூன் 17 அன்று அங்கிருந்து விடப்பட்டது. இலங்கையைப் படம்பிடிப்பது அதன் பணிகளில் ஒன்றாக இருந்தது.

எனக்கு முக்கியம், இந்தச் சிறிய கண்களுக்குக் கீழே என்ன தெரிகிறது என்பதே. டவ் எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி நிலத்தில் ஏறக்குறைய மூன்று மீற்றர். ஒரு வள்ளம் இரண்டு மூன்று புள்ளிக்குள் அடங்கிவிடும். ஆனால் தொண்டைமானாற்றுக் கடனீரேரி முழுதாகத் தெரியும். எங்கள் குடாநாடு ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத, கிணற்றையே நம்பிய மண். பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் இந்தக் கடனீரேரியை நன்னீராக்கப் பார்த்தது. மாரியில் எவ்வளவு நீர் நிற்கிறது, கோடையில் எவ்வளவு வற்றுகிறது என்பதுதான் அதன் உயிர்க்கணக்கு. இன்று அந்தக் கணக்கை வானத்திலிருந்து கிழமைக்குக் கிழமை எடுக்கலாம். ஆவணிப் படத்தில் வல்லை வெளியோரம் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும். மார்கழிப் படத்தில் அதே இடம் நீருக்குள் கறுத்திருக்கும்.