மரம் சீவியவர் காத்த காடு

மலாயாத் தோட்டங்களின் பால்மரத்துக்குத் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876-இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து கொண்டுசென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டே அவற்றின் நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்னர் அம்மரங்களைச் சீவத் தமிழர் வந்த வரலாற்றை யாவரும் அறிவர். தாயகத்திலேயே நின்ற மரங்களின் வரலாற்றை அறிந்தோர் சிலரே.

பிரேசில் நாட்டின் மேற்கெல்லையில் உள்ள ஆக்ரே மாநிலத்தில் பால்மரங்கள் வரிசையாக நடப்பட்டவை அல்ல. பெருங்காட்டினுள் பிற மரங்களிடையே சிதறி நிற்பவை. காடு அழிந்தால் பால் இல்லை. பால் இல்லையேல் தொழிலாளிக்குப் பிழைப்பும் இல்லை. அவனோ முதலாளியின் கடையில் கடன்பட்டவன். எழுத்தறிந்தால் கணக்கைக் கேட்பான் என்று அஞ்சிய முதலாளிமார் பள்ளிக்கூடம் வைக்க இடந்தரவில்லை.

1964-இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத் தலைவர்கள் அமேசானை ஆளில்லா வெற்று நிலம் என்றே கருதினர். சாலைகள் அமைத்தனர்; மாட்டுப் பண்ணைகளுக்கு வரிச்சலுகை அளித்தனர். காட்டை அழித்துப் புல் விதைத்தவன் நிலத்தைத் திருத்தியவன் எனப்பட்டான். அச்செயலே நிலவுரிமைக்குச் சான்றாயிற்று. தலைமுறை தலைமுறையாகக் காட்டைக் கெடாது வைத்திருந்தவனிடமோ காட்டுவதற்குச் சான்று ஒன்றுமில்லை. பூசலின் வேர் இதுவே.

1970-களில் தெற்கிலிருந்து வந்த பண்ணையார்கள் ஆக்ரேயில் நிலங்களை வாங்கிக் குவித்தனர். 1976 முதல் தொழிலாளர்கள் பெண்டு பிள்ளைகளுடன் திரண்டு, மரம் அறுக்க வந்த கூலியாட்கள் முன் நின்று வேலையைத் தடுத்தனர். இவர்களுக்குத் தலைமை தாங்கிய வில்சன் பின்ஹெய்ரோ 1980-இல் சங்க அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் முன்னணியில் நின்றவர் சிக்கோ மென்டிஸ். சிறுவயதிலேயே மரம் சீவச் சென்ற இவர், காட்டில் மறைந்து வாழ்ந்த ஓர் அரசியல் அகதியிடம் பழைய செய்தித்தாள்களைக் கொண்டு எழுத்தறிந்தவர். அந்தக் கல்வியே பின்னர் ஓர் இயக்கத்துக்கு நாவாக அமைந்தது.

1985-இல் தலைநகர் பிரசீலியாவில் கூடிய தொழிலாளர்கள் புதியதொரு கோரிக்கையை முன்வைத்தனர்: நிலம் அரசுக்கு உரியதாகட்டும், பாலும் கொட்டையும் எடுத்து வாழும் உரிமை காட்டில் வாழ்வோருக்கு ஆகட்டும், அதனை எவரும் விற்றலாகாது. பண்ணையாரும் அதே ஆண்டில் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். 1988 டிசம்பர் 22-இல் மென்டிஸ் தம் வீட்டு வாயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பண்ணையார் ஒருவரும் அவர் மகனும் 1990-இல் தண்டனை பெற்றனர். அவ்வாண்டிலேயே மென்டிஸ் பெயரால் சுமார் 970,000 ஹெக்டேர் காடு ஒதுக்கப்பட்டது.

வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. பிரேசிலின் அமேசானில் 2004-இல் மட்டும் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு அழிந்தது. அரசின் கண்காணிப்பால் 2012-இல் அது 5,000-க்கும் கீழே இறங்கியது. ஆட்சியின் போக்கு மாறியதும் 2021-இல் 13,000-ஐ எட்டியது. மென்டிஸ் பெயர் தாங்கிய காட்டினுள்ளும் மாடுகள் புகுந்தன. அவற்றை வளர்ப்போருள் மரம் சீவிய குடும்பத்தாரும் உண்டு. பாலின் விலை வீழ்ந்தபோது அவர்களுக்கு வேறு வழி குறைவு.

காட்டைக் காக்கச் சட்டம் வேண்டும். ஆயினும் காட்டை அழிப்பவனுக்கு ஆதாயமும், காப்பவனுக்குப் பட்டினியும் கிடைக்கும்வரை எச்சட்டமும் நெடுநாள் நில்லாது. ஆக்ரேயின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.