சம்பா கோவில் சுவரும் நற்கருணைப் பந்தியும்

மரக்காணம் கடற்கரையில் கோடைக்காலக் காலைப் பொழுதில் நின்று பார்ப்போர்க்குக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்திகளே தெரியும். ஒவ்வொரு பாத்திக்கும் வரப்பு உண்டு. ஒவ்வொரு வரப்பும் உவர்நீரை வேறு வேறாகப் பிரித்து நிறுத்தும். ஆனால் வெயில் தன் வேலையை முடித்து, உழைப்பாளிகள் உப்பை வாரிக் கரையேற்றிய பின், எந்தப் பாத்தியின் உப்பு எது என்று யாரும் சொல்லிவிட முடியாது. குவியல் ஒன்றே, வெண்மை ஒன்றே. அந்த உப்பளங்களை அடுத்து, வங்கக் கடலை நோக்கி அமைந்திருக்கிறது எக்கியார்குப்பம் என்னும் மீனவச் சிற்றூர்.

இக்கரையோரத்து மீனவர் தம் கடல் விளைவைப் பிரிக்கும்போது 'பங்கு' என்னும் சொல்லை ஆள்கின்றனர். வலை இழுத்தவனுக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு என உழைப்பும் உடைமையும் கணக்கிடப்படும். தமிழ்க் கத்தோலிக்கராகிய நாம் நமது வழிபாட்டுச் சமூகத்துக்கும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். பங்கு, பங்குத்தந்தை, பங்கு மக்கள் என்று நாள்தோறும் சொல்கிறோம். நற்கருணை உட்கொள்வதை நம் முன்னோர் 'நன்மை வாங்குதல்' என்றனர். முதன்முறை அதனைப் பெறும் சிறார்க்கு அது 'புதுநன்மை'. பங்கும் நன்மையும் ஆகிய இவ்விரு சொற்களும் நம் நாவில் இருப்பதுபோல் நம் வாழ்விலும் இருந்தனவா? இக்கேள்வியோடு வரலாற்றின் ஏடுகளைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

நற்கருணையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றே ஒரு கண்டனமாக அமைந்திருப்பது வியப்புக்குரியது. கி.பி. 50-களின் நடுவில் புனித பவுல், நம் முன்னோர் அன்போடு அழைத்தவாறு சொன்னால் புனித சின்னப்பர், கொரிந்து நகரத்துச் சபைக்கு முதல் திருமுகத்தை வரைந்தார். அதன் 11-ஆம் அதிகாரத்தில் அந்நகரத்து விசுவாசிகளின் கூட்டத்தைக் கடிந்துகொள்கிறார். அக்காலத்தில் கோவில்கள் இல்லை. வசதி படைத்தோர் இல்லங்களில் கூடி உண்டு, ஆண்டவரின் விருந்தில் பங்குபெற்றனர். ஓய்வு மிக்க செல்வர் முன்னரே வந்து தாம் கொண்டுவந்ததைத் தாமே உண்டனர். நாள் முழுதும் உழைத்துவிட்டு வந்த ஏழைகளும் அடிமைகளும் வெறும் கலங்களையே கண்டனர். ஒருவர் பசியோடு இருக்க, மற்றொருவர் குடிவெறியில் இருந்தார் என்கிறார் திருத்தூதர். இல்லாதோரை இழிவுபடுத்துவது கடவுளின் சபையையே அவமதிப்பதாகும் என்பது அவரது வாதம்.

இங்கே நாம் நின்று நிதானிக்க வேண்டும். 'தகுதியின்றி' அப்பத்தை உண்பவர் ஆண்டவருடைய உடலுக்கு எதிராகக் குற்றம் புரிகிறார் என்று இதே பகுதியில்தான் சின்னப்பர் எழுதுகிறார். நாம் சிறு வயதில் மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்டிருக்கிறோம். பாவசங்கீர்த்தனம் செய்தாயா, உபவாசம் காத்தாயா, நாவில் வாங்கியதைப் பல்படாமல் விழுங்கினாயா என்றெல்லாம் நம்மை நாமே சோதித்தோம். அவை யாவும் நல்லவையே. பாவநிலையில் பந்தியை அணுகலாகாது என்பது திருச்சபையின் மாறாத போதனை. ஆயினும் கொரிந்தியரின் தகுதியின்மை எதில் இருந்தது? பக்கத்தில் நின்ற சகோதரனைக் காணாமற்போனதில் இருந்தது. அதனால்தான் அவர் தம் கண்டனத்தை முடிக்கும்போது, உண்பதற்காக ஒன்றுகூடுகையில் ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று மிக எளிய அறிவுரை ஒன்றைத் தருகிறார். ஆண்டவரின் உடலை அறிவது என்பது, அப்பத்தில் அவரை அறிவதோடு அவருடைய உடலாகிய சபையிலும் அவரை அறிவதாகும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, துறவியின் கோலம் பூண்டு, தமிழும் வடமொழியும் கற்று, உயர்குடியினரிடையே மறையுரைத்தார். அவருடைய அறிவும் தவமும் போற்றத்தக்கவை. ஆனால் அக்காலச் சமூக வழக்கை அவர் பெரிதும் ஏற்றுக்கொண்டதால், உயர்குடியினர்க்குப் பணியாற்றிய துறவியர் தாழ்த்தப்பட்டோரோடு வெளிப்படையாகப் பழக இயலாத நிலை உண்டாயிற்று. 1640-ஐ ஒட்டிப் 'பண்டாரசாமிகள்' என்னும் வேறொரு வகைக் குருக்கள் தோன்றினர். எளிய மக்களுக்குப் பணியாற்றுவது அவர்கள் பொறுப்பு. நற்செய்தி எல்லாரையும் அடைய வேண்டும் என்ற ஆவலில் பிறந்த ஏற்பாடுதான் இது. ஆயினும் மறை ஒன்றாகவும் மேய்ப்பர் இரண்டாகவும் அமைந்தபோது, பந்தியும் இரண்டாகும் வழி திறந்துவிட்டது.

இதனை உரோமை கவனியாமல் இல்லை. திருத்தந்தையின் தூதராக வந்த கர்தினால் தூர்னோன் 1704-ஆம் ஆண்டு புதுச்சேரியில் ஓர் ஆணை வெளியிட்டார். மலபார் சடங்குகள் பற்றிய நீண்ட வழக்கின் தொடக்கம் அது. தாழ்த்தப்பட்டோரின் வீடுகளுக்கே சென்று, அங்கு நோயுற்றிருப்போர்க்கு அருள்சாதனங்களை வழங்க வேண்டும் என்பதும் அந்த ஆணையின் கூறுகளில் ஒன்று. சாகும் தறுவாயில் கிடக்கும் ஏழையின் குடிசைக்குள் குரு நுழைவதற்கு ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. நாற்பது ஆண்டு வாதத்துக்குப் பின், 1744-இல் திருத்தந்தை 14-ஆம் ஆசீர்வாதப்பர் இறுதித் தீர்ப்பை வழங்கினார். தாழ்த்தப்பட்டோர்க்கெனவே தனிக் குருக்களை அமர்த்துவதாக இயேசு சபையார் முன்வைத்த ஏற்பாடு அப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டது. நோயுற்றோர்க்கு அருள்சாதனம் கிடைத்தது. பிரிவு மட்டும் நீங்கவில்லை.

அடுத்த ஆண்டே புதுச்சேரியில் நடந்ததை ஓர் இந்துப் பெருமகனின் நாட்குறிப்பு நமக்குச் சொல்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை, 1745 அக்டோபர் மாத நிகழ்ச்சிகளிடையே கோவில் சுவர் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். புதுச்சேரிக் கோவிலின் உள்ளே ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. அதன் ஒருபுறம் பறையர் எனப்பட்ட கிறிஸ்தவர். மறுபுறம் மற்றத் தமிழ்க் கிறிஸ்தவரும் ஐரோப்பியரும். ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டு சென்று, ஒரே மறையில் சேர்ந்த தங்களை இவ்வாறு பிரித்து வைப்பது முறையா என்று குருக்களிடம் முறையிட்டனர். முறையீட்டின் நியாயத்தைக் குருக்கள் ஒப்புக்கொண்டனர், சுவர் இடிக்கப்பட்டது. உயர்குடிக் கிறிஸ்தவர்களோ வெகுண்டெழுந்தனர்.

அந்தக் கோவிலின் பெயரை இங்கே நினைவுகூர வேண்டும். புதுவை மக்கள் இன்றும் அதனைச் 'சம்பா கோவில்' என்றே அழைக்கின்றனர். 'சாம் பவுலோ' என்பதன் திரிபு அது. அதாவது புனித சின்னப்பர் கோவில்! ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று எழுதியவரின் பெயரைத் தாங்கிய கோவிலுக்குள்ளேயே, ஒருவரை ஒருவர் காணாதிருக்கச் சுவர் நின்றது. அந்தப் பழைய கட்டடம் 1761-ஆம் ஆண்டுப் போரில் அழிந்தது. இப்போதுள்ள அமலோற்பவ அன்னை பேராலயம் 1791-இல் எழுந்தது. கட்டடங்கள் மாறின, கேள்வி மாறவில்லை.

அதே 1745-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள், தெற்கே வடக்கன்குளத்தில் நீலகண்டன் என்னும் திருவிதாங்கூர் அரசு அலுவலர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தம் குலப் பெருமையைத் துறந்து எல்லாரோடும் சமமாகப் பழகிய அவர், 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி அருகே உயிர் நீத்தார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியது. அப்போது அவர் பெயரிலிருந்து குலப்பட்டம் நீக்கப்பட்டது. ஆனால் அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் எவ்வாறு அமைந்தது? கால்சட்டையின் இரு கால்களைப் போல இரு தனிக் கூடங்கள். வேளாளர்க்கு ஒன்று, நாடார்க்கு மற்றொன்று. இரண்டும் கூடும் இடத்தில் பீடம். ஒரே பலி, ஒரே அப்பம், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதபடி இடையே சுவர். 1910-இல் தந்தை கௌசானல் அச்சுவரை அகற்றினார். எதிர்த்தோர் உயர்நீதிமன்றம் வரை சென்றும் வெற்றி பெறவில்லை. புனிதரைப் பெற்றெடுத்த ஊர்கூட அவர் வழியில் நடக்க நூற்றறுபத்தைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

பிரிந்த சகோதரர்களாகிய சீர்திருத்த சபையாரிடையேயும் இதே புண் இருந்தது. தஞ்சையிலும் சென்னையிலும் திருவிருந்தை உட்கொள்வதில் முன் யார், பின் யார் என்னும் முறைகள் நிலவின. 1833-இல் ஆங்கிலிக்கன் ஆயர் தானியேல் வில்சன், சாதி வேற்றுமையை உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். அதனை ஏற்காத பலர் சபையை விட்டே வெளியேறினர். ஆண்டவரின் உடலை விடலாம், ஆனால் குலத்தை விட முடியாது என்பதன்றோ அதன் பொருள்!

இவை பழங்கதைகள் என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. மரக்காணம் அடங்கிய புதுவை – கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில், 2008 மார்ச்சில், ஒரே மறையைச் சேர்ந்த இரு சாரார் மோதினர். தலித் கிறிஸ்தவர் தமக்குச் சம உரிமையும் தனிப் பங்கும் கேட்ட நிலையில் எழுந்த பூசல் அது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். தவக்காலத்தின் நடுவில் நடந்த துயரம் இது. இறந்தோர் இல்லத்திலும் அழுகை. வீடிழந்தோர் தெருவிலும் அழுகை. 2016-ஆம் ஆண்டு இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் ஆற்றல்பெருக்குக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, சாதிப் பாகுபாடு பெரும் பாவம் என்பதை வெளிப்படையாக ஏற்றது. அறிக்கை ஆயர்களுடையது, அதனைப் பந்தியில் நிறைவேற்ற வேண்டியவர்கள் நாம்.

திருச்சபை தன் பிள்ளைகளின் நிலையை எண்ணித் தன் ஒழுங்கையே தளர்த்திக்கொண்ட வரலாறும் நமக்கு உண்டு. வடக்கன்குளத்துச் சுவர் விழுந்த அதே 1910-ஆம் ஆண்டில், திருத்தந்தை 10-ஆம் பத்திநாதர் ஏறத்தாழ ஏழு வயதுச் சிறாரும் நன்மை வாங்கலாம் என்று வழிவகுத்தார். நள்ளிரவு தொடங்கித் தண்ணீரும் அருந்தாமல் இருந்தே நன்மை வாங்க வேண்டும் என்ற பழைய ஒழுங்கை 1953-இல் 12-ஆம் பத்திநாதர் தளர்த்தினார். இரவுப் பணியிலும் கடின உழைப்பிலும் இருப்போரை அவர் அப்போது சிறப்பாகக் கருத்தில் கொண்டார். தண்ணீர் உபவாசத்தை முறிக்காது என்றார். மாலைத் திருப்பலிக்கும் இடம் தந்தார். இரவெல்லாம் கடலில் கிடந்து விடியலில் கரையேறும் வலைஞரையும், வெயில் ஏறுமுன் உப்பு வாரப் புறப்படும் பெண்களையும் எண்ணிப் பாருங்கள். அவர்களுக்காகக் காத்திருக்க திருச்சபை கற்றுக்கொண்டது. அன்பு ஒழுங்கை அழிக்கவில்லை. அதன் நோக்கத்தை நிறைவேற்றியது.

அவ்வாறெனில் நாம் எவ்வாறு பந்தியை அணுகுவது? இன்று பெரும்பாலான கோவில்களில் கல்லால் ஆன சுவர் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வரப்புகள் உண்டு. வழக்கமான இடத்தில் வேறொருவர் அமர்ந்தால் நம் முகம் சுருங்குகிறது. வரிசையில் முந்துகிறோம். கந்தல் உடுத்தி வந்தவரின் பின்னால் நிற்கத் தயங்குகிறோம். திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்குள் நுழையலாம், கல்லறையில் யார் எங்கே உறங்கலாம் என்று வழக்காடிவிட்டு, மறுநாள் காலையில் கைகளைக் குவித்து 'ஆமென்' என்கிறோம். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்ற ஆண்டவரின் கட்டளை நம் செவிகளில் விழுகிறதா?

எக்கியார்குப்பத்தின் பெயரை நாடு முழுதும் கேட்டது 2023 மே மாதத்தில்தான். நச்சுச் சாராயம் அங்கும் அண்டை ஊர்களிலும் பல உழைப்பாளிகளின் உயிரைக் குடித்தது. ஒருவர் பசியோடும் ஒருவர் குடியோடும் இருந்த கொரிந்து நமக்கு அவ்வளவு தொலைவில் இல்லை. ஆனால் கொரிந்தில் குடித்தவர் செல்வர். இங்கே குடித்து மாண்டவர் ஏழைகள். அவர்கள் எம்மறையினராயினும், அவர்களின் பிள்ளைகளை மறந்துவிட்டு நாம் உட்கொள்ளும் நன்மை, யாருக்கு நன்மை?

காத்திருப்பது என்றால் வரிசையில் பொறுமையாக நிற்பது மட்டுமன்று. நம் பந்தியில் இன்னும் யார் வந்து சேரவில்லை என்று திரும்பிப் பார்ப்பதும் ஆகும். வர இயலாத முதியவர், மனம் புண்பட்டு ஒதுங்கியவர், தம் தெருவின் பெயரைச் சொல்லக் கூசி வாசலிலேயே நிற்பவர் ஆகிய அனைவருக்கும் அந்த அப்பத்தில் பங்கு உண்டு. வருகிற ஞாயிறு நன்மை வாங்க எழும்போது, ஒரு கணம் நமக்கு முன்னும் பின்னும் நிற்பவரின் முகத்தைப் பார்ப்போம். அவரோடு நமக்குள்ள வரப்பு எது என்று நம்மையே கேட்போம். அதனை வெட்டிவிட்டு முன்செல்வோம். மரக்காணத்து உப்பளத்தில் குவிந்து கிடக்கும் உப்பு, தான் எந்தப் பாத்தியிலிருந்து வந்தது என்று சொல்வதில்லை. உலகிற்கு உப்பாயிருக்க அழைக்கப்பட்ட நாமும் அவ்வாறே இருப்போமாக.